நான்கு நிமிடம் முன்னதாக இறங்கியவர்

ஷீபா வண்டியை விட்டு இறங்கியது காலை ஒன்பது இருபதுக்கு. லாரி வந்து மோதியது ஒன்பது இருபத்துநான்குக்கு. இடையில் இருந்த அந்த நான்கு நிமிடத்துக்காக அவள் ஆறு மாதம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

திருமயத்தில் ஷீபாவைத் தெரியாத கடைக்காரர் குறைவு. தண்ணீர் கேன் போடுகிறவள். சின்ன லோடு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு டீக்கடை, ஓட்டல், ஸ்கேன் சென்டர், அடகுக்கடை என்று தினமும் நாற்பது இடத்தில் கேன் இறக்குவாள். கணவன் ஜெரால்டு குவைத்தில் ஏசி மெக்கானிக். அவன் முதல் மூன்று வருடம் அனுப்பியதைச் சேர்த்து வாங்கிய வண்டி அது. வருடா வருடம் ‘அரவணைப்பு ஜெனரல் இன்சூரன்ஸ்’ கம்பெனியில் தவணை தப்பாமல் பிரீமியம் கட்டி வந்தாள். வண்டியின் மதிப்பு மூன்று லட்சத்து அறுபதாயிரம் என்று பாலிசியில் அச்சடித்திருந்தது. அந்தக் காகிதத்தை மடங்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தாள்.

அன்று பிச்சைமுத்துவின் டீக்கடைக்கு எதிரே, புளியமரத்தை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு கேனோடு கடைக்குள் போனாள். ஒரு கேனில் மூடி கசிகிறது என்று பிச்சைமுத்து சொல்ல, அதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல் ஏற்றிய லாரி ஒன்று பிரேக்கே பிடிக்காமல் சரிந்து வந்து வண்டியை மரத்தோடு வைத்து நசுக்கியது. கேன்கள் உடைந்து தண்ணீர் ரோட்டைத் தாண்டி ஓடியது. லாரி பின்னால் நகர்ந்து, வழி தவறி வந்ததைத் திருத்திக்கொள்வது போல நிதானமாகத் திரும்பிக் காரைக்குடிப் பக்கம் போய்விட்டது. நம்பர் பலகையில் சேறு அப்பியிருந்தது. யாரும் படிக்கவில்லை.

கூடிய கூட்டம் இரண்டே விஷயம் சொன்னது. ஒன்று, நீ உயிரோடு இருக்கிறாயே, அது போதும். இன்னொன்று, இன்சூரன்ஸ் இருக்கிறதே, பிறகென்ன கவலை. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதவை என்று அப்போது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் கம்பெனியின் சர்வேயர் முனியசாமி வந்தார். டேப் பிடித்து அளந்தார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். ஓட்டுநர் சீட் ஸ்டியரிங்கோடு ஒட்டி, நடுவில் ஒரு நோட்டுப் புத்தகம் நுழையும் இடம்தான் மிச்சமிருந்தது. அவர் அந்த இடத்தில் விரலை விட்டுத் தடவி, விரலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“வண்டிய ஓட்டுன ஆளு எந்த ஆஸ்பத்திரியில இருக்காரு?”

“நான்தான் சார் ஓட்டுனது.”

முனியசாமி அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். தன் டேப்பில்தான் ஏதோ கோளாறு என்பது போல ஒரு முறை அதை இழுத்து விட்டுக்கொண்டார்.

“கையத் திருப்புங்க. அங்கிட்டு. முழங்கையக் காட்டுங்க. சிராய்ப்புகூட இல்லையா?”

“இல்ல சார். நான் கடைக்குள்ளல்ல இருந்தேன்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒங்க நல்லதுக்குத்தான் கேக்குறேன்.”

அவர் குரலில் அக்கறை இருந்தது. ஷீபா முழங்கையை மறுபடியும் திருப்பிக் காட்டினாள்.

இருபது நாளில் கடிதம் வந்தது. வண்டி முழுச் சேதம் என்பதைக் கம்பெனி ஏற்றுக்கொள்கிறது. அதன் மதிப்பு ஒரு லட்சத்து எட்டாயிரம். மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டு அனுப்பவும்.

ஷீபா பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். அரவணைப்பு அலுவலகம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். மாடிப்படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் சிரிக்கும் குடும்பம் ஒன்றின் படம் மாட்டியிருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை. அடுத்த திருப்பத்துப் படத்தில் அப்பா இல்லை; மற்ற மூவரும் முன்னிலும் நன்றாகச் சிரித்தார்கள்.

கிளை மேலாளர் முத்துராமன் எழுந்து நின்று கும்பிட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவள் பாலிசியை நீட்டியதும் அதைத் தொடாமலே படித்தார்.

“மூணு அறுபதுன்னு போட்டிருக்கு சார். அதுக்குத்தான பிரீமியம் வாங்குனீங்க?”

“கரெக்ட் மேடம். வாங்குறப்ப நாங்க நம்பிக்கை அடிப்படையில வாங்குறோம். குடுக்குறப்ப ஆதார அடிப்படையில குடுக்குறோம். ரெண்டுலயும் ஒரு ஒழுங்கு இருக்கு பாருங்க.”

“ஒண்ணு எட்டுன்னு எப்படி சார் வந்துச்சு?”

முத்துராமன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கெட்டி அட்டையை எடுத்தார். கட்டம் கட்டமாக எண்கள். மேலே ‘சேத இசைவு அட்டவணை’ என்று இருந்தது.

“இது எங்க கம்பெனியோட இருபது வருச அனுபவம் மேடம். வண்டிக்கு நூறு சதவீதம் சேதம்னா, ஓட்டுனவருக்குக் கொறஞ்சது எழுபது சதவீதம் சேதம் இருந்தாகணும். இருந்தா, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதுன்னு அர்த்தம். முழுசாக் குடுத்துருவோம். ஒங்க கேஸ்ல ஓட்டுனவருக்கு எவ்வளவு?”

“எனக்கு ஒண்ணும் ஆகல.”

“சைபர். அந்த எழுபதக் கழிச்சா மிச்சம் முப்பது. மூணு அறுபதுல முப்பது சதவீதம் எவ்வளவு? ஒண்ணு எட்டு. ஒரு ரூவா கூட நாங்க எடுக்கல.”

ஷீபா அட்டையையே பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

“அப்ப நான் உசுரோட இருக்குறதுக்கா சார் கொறைக்கிறீங்க?”

“சேச்சே. அப்படிச் சொல்லாதீங்க. நீங்க உசுரோட இருக்குறதுல கம்பெனிக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல.” அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு குரலைத் தணித்தார். “ஒரு அண்ணன் மாதிரிச் சொல்றேன். அந்த நாலு நிமிஷம் நீங்க வண்டியிலயே இருந்திருந்தா மூணு அறுபதும் வந்திருக்கும். அதுபோக, ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்புன்னு ஒண்ணு இருக்கு. பதினஞ்சு லட்சம். ஒங்க வீட்டுக்காரருக்கு ஒரே வாரத்துல போட்டு விட்டிருப்போம். எந்தக் கேள்வியும் கேட்டிருக்க மாட்டோம். எங்க சர்வீஸ் எவ்வளவு வேகம்னு நீங்க பாக்காமப் போயிட்டீங்களேன்னுதான் எனக்கு வருத்தம்.”

அன்று சாயங்காலம் ஜெரால்டு போனில் வந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முத்துராமன் சொன்னதையும் சொன்னாள், அவன் சேர்ந்து திட்டுவான் என்று. மறுமுனையில் ஏசி மெஷின் ஒன்றை அவன் அணைக்கும் சத்தம் கேட்டது.

“எவ்வளவுன்னு சொன்னாரு?” என்றான்.

“பதினஞ்சு.”

“ம்.”

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன். நீ சாப்புட்டியா?”

அவன் நல்லவன். ஷீபாவுக்கு அது தெரியும். ஆனாலும் போனை வைத்த பிறகு அந்த ‘ம்’ வீட்டுக்குள்ளேயே இருந்தது.

ஆட்சேபணை மனு கொடுக்க நாற்பத்தைந்து நாள் அவகாசம் இருந்தது. மனுவோடு, வண்டி இன்னமும் சேதமாகத்தான் இருக்கிறது என்பதற்குப் புதிய புகைப்படம் வேண்டும் என்றார்கள். அவளும் அருகில் நிற்க வேண்டும். அவள் இன்னமும் சேதமாகவில்லை என்பது அதில் தெரிய வேண்டும்.

நசுங்கிய வண்டிகளைக் கம்பெனி குன்றாண்டார்கோவில் போகும் வழியில், மூடிப்போன அரிசி ஆலை ஒன்றின் களத்தில் வைத்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி அரை மைல் நடந்தாள். கேட்டைத் திறந்த வாட்ச்மேன் நாகராசு பதிவேட்டில் அவள் பெயரைத் தேடி எடுத்து வழிகாட்டினார். நெல் காயப்போட்ட சிமெண்டுத் தரையில் வரிசை வரிசையாகக் கார், ஆட்டோ, டிராக்டர். ஒரு ஸ்கூல் வேனின் ஜன்னலில் சாப்பாட்டுக் கூடை ஒன்று இன்னும் தொங்கியது. ஒவ்வொரு வண்டியிலும் கம்பி கட்டிச் சீட்டு மாட்டியிருந்தது. வண்டியின் நம்பர் அல்ல, சொந்தக்காரரின் பெயர்.

“மஞ்சச் சீட்டு, குடுத்தத வாங்கிக்கிட்டுப் போனவுங்க” என்றார் நாகராசு. “செவப்பு, ஒங்களாட்டம் ஆட்சேபணை பண்றவுங்க.”

“வெள்ளைச் சீட்டு?”

“அவுங்களும் ஆட்சேபணை பண்ணவுங்கதான்.” அவர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “இப்ப வாரதில்ல.”

வெள்ளைச் சீட்டுகள் நிறைய இருந்தன. ஷீபா எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவளுடைய வண்டிப் பக்கத்தில் நிற்க வைத்து நாகராசு படம் எடுத்துக் கொடுத்தார். சிரிக்க வேண்டாம் என்றார். சிரித்தால் ஐந்து சதவீதம் பிடிப்பார்களாம்.

மனு போய்ச் சேர்ந்த ஒரு வாரத்தில் அவள் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. உண்மை கண்டறியும் அலுவலர் சத்யபிரியா. வயது இருபத்தெட்டுக்கு மேல் இருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மாதா படத்துக்கு முன் ஒரு நொடி கண்ணை மூடி நின்று, காபியைப் பாராட்டிக் குடித்துவிட்டு டேப்லெட்டைத் திறந்தாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ரொட்டீன் கேள்விதான். ஒம்பது இருபதுக்கு எறங்கியிருக்கீங்க. ஒம்பது இருபத்துநாலுக்கு லாரி வருது. ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எது?”

“லாரி வரப்போகுதுன்னு.”

“தெரியாதும்மா. கேன் போட எறங்குனேன்.”

“தெரியாமலே எறங்கிட்டீங்க.” அவள் தட்டச்சு செய்தாள். “வழக்கமா அந்தக் கடையில எத்தன நிமிஷம் ஆகும்?”

“ரெண்டு நிமிஷம். அன்னிக்கு மூடி கசிஞ்சுச்சு.”

“அதாவது அன்னிக்கு மட்டும் ரெண்டு நிமிஷம் கூடுதலா உள்ள இருந்திருக்கீங்க. இல்லைன்னா ஒம்பது இருபத்திரண்டுக்கே வண்டிக்குத் திரும்பியிருப்பீங்க.” சத்யபிரியா தலையை நிமிர்த்தினாள். முகத்தில் பகையே இல்லை. “மூடிய யாரு கசிய வச்சது அக்கா?”

ஷீபா காலி காபி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் அது குற்ற ஒப்புதல் போலத்தான் ஒலிக்கும் என்று தோன்றியது. சத்யபிரியா அந்த மௌனத்தையும் தட்டச்சு செய்துகொண்டாள். மௌனத்துக்கு அதில் தனிப் பட்டன் இருந்தது.

மறுநாள் ஷீபா டீக்கடைக்கு ஓடினாள். நேரில் பார்த்த சாட்சி பிச்சைமுத்து ஒருவர்தான்.

“அண்ணே, ஆபீஸ்ல இருந்து வந்தாகளா?”

பிச்சைமுத்து பாய்லரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “வந்தாக.”

“என்ன சொன்னீங்க?”

“நான் டீ ஆத்திக்கிட்டு இருந்தேன், ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னேன்.”

“லாரி மோதுனதப் பாத்தீங்கள்ல?”

“பாத்தேன் தாயி. பாத்தேன்னு சொன்னா, நான் எதுக்கு அந்த நேரத்துல அங்கிட்டுப் பாத்தேன்னு கேக்குறாக. எங்கடைக்கும் அவுகள்ட்டதான் பாலிசி இருக்கு. கடை மொத்தமும் எரிஞ்சு நான் மட்டும் வெளிய நின்னா எவ்வளவு வரும்னு ஒரு அட்டையக் காமிச்சாக.” துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “இனிமே கடைக்குள்ளதான் படுக்கணும் போலருக்கு.”

அன்றைக்கு அவர் கேன் வாங்கவில்லை. வாடகை ஆட்டோவில் கேன் போட்டுச் சமாளித்து வந்த ஷீபாவுக்கு நாற்பது கடை இருபத்தாறு ஆகியிருந்தது. ஆட்டோ வாடகை போகக் கையில் நிற்பது சொற்பம். அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து இன்னொரு கடிதம். ஆட்சேபணை பரிசீலனையில் உள்ள காலத்திலும் வண்டி தேய்ந்துகொண்டிருப்பதால் அதன் மதிப்பு தொண்ணூற்றேழாயிரமாக இறங்கியிருக்கிறது. ஓடாத வண்டி எப்படித் தேயும் என்று முத்துராமனிடம் கேட்டாள். “காத்திருந்தா எல்லாருந்தான மேடம் தேயுறோம்” என்றார் அவர்.

ஆறாம் மாதம், மண்டல அளவிலான ‘மதிப்பீட்டுக் குறைதீர் அமர்வு’ புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியது. முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மோகோல் எழுத்துகளை முழுதாக எடுக்காததால், மேடைக்குப் பின்னால் மணமகன் பெயர் மட்டும் போய் மணமகள் பெயர் மிச்சமிருந்தது. வாசலில் பன்னீர் தெளித்துக் கற்கண்டு கொடுத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். மிகக் குறைந்த மதிப்பீடு செய்த சர்வேயர் என்று முனியசாமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதைப் போர்த்திக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் கீழே இறங்கினார்.

பிறகு ஓர் அம்மாளை மேடைக்கு அழைத்தார்கள். மூக்காயி என்று பெயர். மகன் வண்டியோடு போய்விட்டவன். ஆள் உயரத்துக்கு அச்சடித்த காசோலையை அவள் கையில் கொடுத்து, கீழே விழாமல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். மண்டலத் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“நாம் அனைவரும் ஒரே குடும்பம். குடும்பம் என்றால் ஒத்துழைப்பு வேண்டும். இந்தத் தாயின் மகன் கடைசி வரைக்கும் வாகனத்தை விட்டு இறங்கவில்லை. ஆவணங்கள் எல்லாம் சட்டைப் பையிலேயே இருந்தன. ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம், நாமினியின் வங்கிக் கணக்கு எண், எல்லாம். எங்கள் சர்வேயருக்குப் பதினோரு நிமிடம்தான் வேலை. இப்படிப்பட்ட வாடிக்கையாளரை எந்த நிறுவனமும் இழக்க விரும்பாது. மற்றவர்களும் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.”

கை தட்டினார்கள். மூக்காயி காசோலைக்குப் பின்னால் நின்றதால் அவள் முகம் யாருக்கும் தெரியவில்லை. கீழே இருந்து பார்த்தால் காசோலையும் இரண்டு காலும் மட்டும் தெரிந்தன. ஷீபா கை தட்டவில்லை. முன்வரிசையில் சத்யபிரியா திரும்பிப் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

ஷீபாவின் முறை வந்தது. மணமேடையில் மூன்று அதிகாரிகள். அவளுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

“நீங்கள்தான் இறங்கியவரா?” என்றார் மண்டலத் தலைவர்.

“ஆமா சார். சார், நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். நான் தண்ணி கேன் போடுறவ. கேன் போடணும்னா எறங்கித்தான் ஆகணும். வண்டிக்குள்ளயே ஒக்காந்துக்கிட்டு எப்படி சார் தண்ணி குடுக்குறது?”

தடுமாறாமல் சொல்லி முடித்தாள். ஆறு மாதமாகப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சொல்லிப் பார்த்த வாக்கியம். மண்டபத்தில் ஒரு சின்னச் சலசலப்பு எழுந்தது. பின்வரிசையில் யாரோ “சரியாத்தான கேக்குது” என்றார்கள். அதிகாரிகள் தலையைக் கூட்டிப் பேசினார்கள்.

“இந்தச் சம்பவத்துக்கு முன்பும் இறங்கியிருக்கிறீர்களா?”

“தெனமும் எறங்குவேன் சார்.”

“ஒரு நாளைக்கு எத்தனை முறை?”

“நாப்பது தடவ.”

மூன்று பேரும் பேனாவை எடுத்தார்கள். மண்டலத் தலைவர் எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார். “மனுதாரர் ஒரு நாளைக்கு நாற்பது முறை வாகனத்தைக் கைவிடும் பழக்கம் உடையவர் என்று தாமாகவே ஒப்புக்கொண்டார்.” பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்த பார்வையில் நிஜமான வேதனை இருந்தது. “நாற்பது முறை அம்மா. வருடத்துக்குக் கணக்குப் பண்ணிப் பாருங்கள். எத்தனை வாய்ப்புகள்.”

தீர்ப்பை அங்கேயே சொன்னார்கள். பழைய ஒரு லட்சத்து எட்டாயிரம் மீண்டும் வழங்கப்படும். மனிதாபிமான அடிப்படையில் மேற்கொண்டு தொள்ளாயிரம் ரூபாய். ‘முழு மனநிறைவுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற படிவத்தில் இன்றே கையெழுத்திட வேண்டும். மேல்முறையீடு செய்ய விரும்பினால் செய்யலாம். அதற்கான படிவமும் தயாராக இருக்கிறது. முத்துராமன் இரண்டு படிவத்தையும் இரண்டு கையில் பிடித்து நின்றார். மேல்முறையீட்டுப் படிவத்தின் நிறம் வெள்ளை.

ஷீபா வெள்ளைப் படிவத்தைப் பார்த்தாள். அரிசி ஆலைக் களம் நினைவுக்கு வந்தது. மனநிறைவுப் படிவத்தை வாங்கிக் கையெழுத்திட்டாள். தேதியும் போடச் சொன்னார்கள். போட்டாள்.

அந்தப் பணத்தோடு ஜெரால்டு அனுப்பியதையும் போட்டு, பத்து வருடம் ஓடிய பழைய வண்டி ஒன்றைப் பிடித்தாள். இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் எடுக்க முடியாது. வேறு கம்பெனிக்குத்தான் போவது என்று வைராக்கியமாக இருந்தாள். அந்த ஏஜெண்ட் சிரித்த முகமாக அவள் பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்தார். சிரிப்பு மெதுவாக இறங்கியது.

“ஒங்களப் பத்தி ஒரு குறிப்பு கெடக்கு மேடம்.”

“என்னன்னு?”

“எறங்குறவுங்கன்னு.”

போய்ப் பார்த்த மூன்று கம்பெனியிலும் அதே குறிப்பு கிடந்தது. நான்காவதாக, அழைக்காமலே முத்துராமன் வீடு தேடி வந்தார், பழத்தட்டோடு. அரவணைப்பு அவளை மறக்கவில்லை என்றார். பழைய வண்டிக்கு அவள் கேட்டதைவிட இரண்டு மடங்கு மதிப்புப் போட்டிருந்தது. பிரீமியத்தில் பாதி தள்ளுபடி. தனிநபர் விபத்துக் காப்பை இலவசமாக முப்பது லட்சத்துக்கு உயர்த்தியிருந்தார்கள். நாமினி ஜெரால்டிடம் போனிலேயே பேசிவிட்டதாகவும், அவர் ரொம்பத் தன்மையாகப் பேசினார் என்றும் சொன்னார்.

“ஒரே ஒரு கண்டிசன்தான் மேடம். எறங்குறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்குங்க. வேற ஒண்ணும் இல்ல.”

மறுநாள் காலையிலிருந்து போன் வரத் தொடங்கியது. வாடிக்கையாளர் நலப் பிரிவு, சிவரஞ்சனி. தேன் மாதிரிக் குரல்.

“குட் மார்னிங் மேடம். வண்டியிலதான இருக்கீங்க?”

“இருக்கேன்.”

“ரொம்ப சந்தோசம் மேடம். சீட்ல நல்லா ஒக்காந்துக்குங்க.”

ஒவ்வொரு கடை வாசலிலும் அவள் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. சிவரஞ்சனி ஒருபோதும் மறுத்ததில்லை. கொஞ்சம் தாமதம்தான் ஆகும். முதல் வாரம் அரை நிமிடம். அப்புறம் இரண்டு நிமிடம். ரோட்டோரத்தில், இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஷீபா காத்திருப்பாள். பின்னால் வரும் வண்டிகளின் சத்தம் நெருங்கி, பெரிதாகி, பக்கத்தில் உரசுவது போல வந்து கடந்து போகும். ஒவ்வொன்றும் கடந்த பிறகுதான் மூச்சு விடுவாள். தன்னை இறங்க விடாமல் அவர்கள் எதற்காகக் காத்திருக்க வைக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை ஸ்கேன் சென்டர் வாசலில் நிறுத்தினாள். வளைவு. பின்னால் என்ன வருகிறது என்று கண்ணாடியில் தெரியாது. போனை எடுத்தாள்.

“ஸ்கேன் சென்டர்ம்மா. ரெண்டு கேன். எறங்கவா?”

“ஒரு நிமிசம் மேடம். சீனியர்ட்ட கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அப்படியே இருங்க. இருக்கீங்களா மேடம்?”

வளைவுக்கு அப்பால் ஒரு கனத்த வண்டி கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

“இருக்கேன்” என்றாள் ஷீபா. போனை ஸ்பீக்கரில் போட்டு சீட்டின் நடுவில் வைத்தாள். கதவைச் சத்தமில்லாமல் திறந்து இறங்கி, இரண்டு கேனைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி சென்டர் படியேறி நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் வண்டி அங்கேயே நின்றது. திறந்த ஜன்னல் வழியே, ஆளில்லாத சீட்டிலிருந்து மெல்லிசான வீணை இசை வந்தது. அதற்கு மேலே ஒரு பெண் குரல், அலுக்காமல், திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

“தயவுசெய்து காத்திருக்கவும். நீங்கள் எங்களுக்கு மிகவும் மதிப்பு வாய்ந்தவர்.”